கல்யாண வேலையைப் பாதியில் விட்டுவந்த அம்மாவுக்கு

கேள்வி:

எனக்கு 57 வயது. ஒரே மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். அவளே விரும்பித் தேர்ந்தெடுத்தவரோடு இன்னும் நான்கு மாதத்தில் அங்கேயே கல்யாணம். ஏற்பாடுகளில் கூடமாட உதவலாம் என்று போய், ஒரு மாதம் அவளுடன் தங்கியிருந்தேன். மண்டபம் பார்த்தோம், விருந்தினர் பட்டியல் போட்டோம், அழைப்பிதழுக்கு வாசகம் எழுதினோம், உடைகள் எடுத்தோம். அவள் படிக்கப் போன பிறகு நாங்கள் இருவரும் இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததே இல்லை.

வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுதாகக் காலி செய்யவில்லை. பகலில் எதிலும் மனம் ஒட்டவில்லை. அவள் ஊர் நேரம் எங்களைவிட ஆறு மணி நேரம் பின்னால். வேலை முடிந்து அவள் கூப்பிடும்போது இங்கே இரவு ஒரு மணி. அதற்காக விழித்திருக்கிறேன், பிறகு விடியும்வரை தூக்கம் வருவதில்லை.

போன வாரம் ஒரு செய்தி அனுப்பினாள். "அம்மா, நாம் பார்த்த மண்டபம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வேறொன்று கிடைத்திருக்கிறது. உனக்கும் பிடிக்கும்." "சரி" என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டு அழுதேன். அந்த மண்டபத்துக்காக நாங்கள் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். முன்பணத்தில் பாதி நாங்கள் கொடுத்தது. "வந்து இரண்டு வாரம் ஆகிறது, நீ இன்னும் அங்கேயேதான் இருக்கிறாய்" என்கிறார் கணவர். அடுத்த மாதம் மறுபடி போய் மிச்ச வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு வந்திருப்பது வருத்தமா, கோபமா, இல்லை ஏதாவது நோயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மறுபடி போகலாமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் டிக்கெட் எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதால். அடுத்த மாதம் போக வேண்டாம். மகளே "வா அம்மா" என்று கூப்பிட்டால் அது வேறு விஷயம். ஆனால் உங்கள் கடிதத்தில் அவள் கூப்பிட்டதாக ஒரு வரிகூட இல்லை. இப்போதிருக்கும் மனநிலையில் நீங்கள் போய் இறங்கினால், விட்டுப்போன மண்டபத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் அம்மா வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றும். உங்கள் மனத்திலும் அந்த எண்ணம் ஓரமாக இருக்கத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். இருப்பதில் தப்பில்லை. அதைச் சுமந்துகொண்டு விமானம் ஏற வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

நோயா என்று கேட்கிறீர்கள். இரண்டு வாரம் சரியாகத் தூங்காத எவருக்கும் ஒரு குறுஞ்செய்தி போதும் கண் கலங்க. எனவே தூக்கத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் இருக்கும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம்தான் நம் உடலுக்குக் கடிகாரம். கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்து அது இரவையும் பகலையும் கணக்கிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் நாளை நீட்டிக்கொள்வது உடலுக்குச் சுலபம், சுருக்கிக்கொள்வது கடினம். உங்கள் மகள் இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் கிழக்கு நோக்கிப் பறந்து வந்திருக்கிறீர்கள், அதாவது நாளைச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். போகும்போது இருந்ததைவிடத் திரும்பியபோது தூக்கம் அதிகம் கெட்டிருக்குமே, அதற்குக் காரணம் இதுதான். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு வாரம், சற்று முன்பின்னாக, போதும். இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்றால், கடிகாரத்தை ஏதோ ஒன்று தினமும் பின்னுக்கு இழுக்கிறது. அந்த ஒரு மணித் தொலைபேசிதான் அது. நடுராத்திரியில் விளக்கும் போன் திரையும் கண்ணில் படுகின்றன. மண்டபம், பட்டியல், உடை என்று பேச்சு சூடாகப் போகிறது. அதை வைத்து உடல், இது இன்னும் மாலைதான் என்று எடுத்துக்கொள்கிறது. கணவர் சொன்னது உங்கள் உடற்கடிகாரத்தைப் பொறுத்தவரை அப்படியே உண்மை.

ஆகவே பேசும் நேரத்தை மாற்றுங்கள். மகளுக்கு மதிய இடைவேளை ஒரு மணிக்கு என்றால் உங்களுக்கு இரவு ஏழு மணி. அப்போது பத்து நிமிடம் பேசினால் போதும். விரிவான பேச்சை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம். காலையில் தினமும் ஒரே நேரத்தில் எழுந்து அரை மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் நடங்கள். பகலில் கண் சொக்கினால் இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையோ, மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரையோ மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட அது தெரியவரலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைச் சதை வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி அந்தப் பெட்டி. அயலூரில் தங்கித் திரும்புகிறவர்களுக்குச் சொந்த வீடே கொஞ்ச நாளைக்கு அந்நியமாகத் தெரியும் என்பதை 1963-இலேயே கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி எழுதியிருக்கிறார்கள். புது இடத்தில் பழகிக்கொள்ளத் திணறுவதுபோலவே, வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு திணறல் உண்டு என்பது அவர்கள் கண்டது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அங்கே ஒரு மாதம் முழுக்க "அம்மா, இது சரியாக இருக்கிறதா?" என்ற குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இங்கே வந்ததும் அது சட்டென்று நின்றுவிட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த அமைதியைத்தான் "எதிலும் மனம் ஒட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெட்டியில் மிச்சம் என்ன இருக்கிறது என்று இன்று திறந்து பாருங்கள். அநேகமாகத் துணிமணிகள் வெளியே வந்திருக்கும். அடியில் கிடப்பவை துணியின் மாதிரித் துண்டுகள், இரண்டு மூன்று அழைப்பிதழ் மாதிரிகள், யாரோ கொடுத்த விலைப்பட்டியல், அடித்து அடித்துத் திருத்திய விருந்தினர் பட்டியல் ஆகியவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாததால்தான் பெட்டி அப்படியே கிடக்கிறது. அந்த வேலைகள் இன்னும் உங்களுடையவையா, மகளிடம் போய்விட்டனவா என்பது உங்களுக்கே தெரியவில்லை.

முடிக்காமல் விட்ட வேலை மனத்தை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெர்லினில் ஆய்வு செய்த ப்ளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் இதைப் பரிசோதித்து எழுதினார். முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்டவை நன்றாக நினைவில் நிற்கின்றன என்றார். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றை மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் காட்டினார்கள். வேலை முடியவே வேண்டியதில்லை. எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அது இடையிடையே வந்து தொல்லை செய்வது அடங்கிவிடுகிறது. 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வரும் நாள்களின் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

நீங்கள் கிளம்பிய நாளை நினைத்துப் பாருங்கள். பெட்டி கட்டுவதும் பாஸ்போர்ட்டைத் தேடுவதும் வழியனுப்புவதுமாக அன்றைய பொழுது போயிருக்கும். அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பில் போகிறவர்கூட எதை யார் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். ஒரு மாதம் தோளில் தூக்கிய கல்யாண வேலையை நீங்கள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. உங்களிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை. உங்களை ராத்திரி ஒரு மணிக்கு உட்கார வைப்பது இதுதான் என்பது என் கருத்து. விட்டுப்போன அந்த ஒப்படைப்பை இப்போது செய்யுங்கள்.

பெட்டியில் இருக்கும் காகிதங்களை மேஜையில் பரப்பி, மிச்சமிருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். யார் செய்வது என்று நீங்களே தீர்மானிக்காமல், அந்தத் தாளைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பி, "இதில் எதை நான் பார்க்கட்டும், எதை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டோ மூன்றோ வேலைதான் உங்களுக்கு வரும் என்று எதிர்பாருங்கள். வந்ததைக் கடைசிவரை நீங்களே செய்யுங்கள். வராததைப் பற்றி அவளாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாக விசாரிக்காதீர்கள். இது சிரமம்தான். முதல் வாரம் கை பரபரக்கும்.

ஊரில் இருந்தபடியே நீங்கள்தான் செய்ய முடியும் என்கிற வேலைகள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து உறவினர்களில் யார் யார் பயணம் வரப்போகிறார்கள்? அவர்களுடைய பாஸ்போர்ட் எதுவரை செல்லும்? பல நாடுகள், உள்ளே நுழைகிற தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்கின்றன. நான்கு மாதம் இருக்கும்போது தெரிந்தால் புதுப்பித்துவிடலாம், பத்து நாள் இருக்கும்போது தெரிந்தால் அழத்தான் முடியும். விசா விண்ணப்பம், வயதானவர்களின் மருந்துச் சீட்டு, பயணக் காப்பீடு, மாடிப்படி ஏற முடியாதவர் யார், யாருக்குச் சக்கர நாற்காலி சொல்லி வைக்க வேண்டும், அழைப்பிதழில் பெரியவர்களின் பெயர் சரியாக இருக்கிறதா? இவையெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் மகளுக்குத் தெரியாத விவரங்கள். இவற்றை எடுத்துக்கொள்வதாக நீங்களே முன்வந்து சொல்லலாம். அவள் மறுப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மண்டப விஷயத்துக்கு வருகிறேன். இதை அவசரமாகக் கடக்க எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தில் கண்ணீர் வருகிற ஒரே இடம் இதுதான். அந்த மண்டபம் எப்படி இருந்தது, எத்தனை பேர் உட்காரலாம், வெளிச்சம் வருமா என்றெல்லாம் நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. "நாங்கள் ஒரு நாள் முழுக்க அலைந்தோம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மகளோடு கால் வலிக்க நடந்த அந்த நாளை அவள் ஒரு செய்தியில் தள்ளிவிட்டதாக உங்களுக்குப் பட்டிருக்கிறது. அவளோ ஒரு கட்டடத்தைத்தான் வேண்டாம் என்றாள்.

அவள் பக்கமிருந்தும் பாருங்கள். அவளும் அவள் மணக்கப்போகிறவரும் சேர்ந்து எடுக்கும் முதல் பெரிய முடிவுகளில் இது ஒன்று. நீங்கள் அங்கே இருந்த மாதத்தில் பல முடிவுகளை அம்மாவும் மகளும் எடுத்திருப்பீர்கள். அந்தப் பையனுக்கு அதில் எவ்வளவு இடம் இருந்தது என்பதையும் யோசியுங்கள். ஒருவேளை அவருக்கு அந்த மண்டபம் பிடிக்காமல் இருந்து, உங்கள் முன்னால் சொல்லத் தயங்கியிருக்கலாம். ஒருவேளை வாடகை, தேதி, அவர் வீட்டாரின் வசதி என்று வேறு காரணம் இருக்கலாம். எதுவானாலும் "உனக்கும் பிடிக்கும்" என்று அவள் சேர்த்து எழுதியிருக்கிறாள். நீங்கள் வருந்துவீர்கள் என்று தெரிந்துதான் அப்படி எழுதியிருக்கிறாள். தினமும் போனில் பேசுகிறவள் இதை மட்டும் ஏன் எழுத்தில் அனுப்பினாள்? நேராகச் சொல்லப் பயமாக இருந்திருக்கும். அதற்கு "சரி" என்ற ஒற்றைச் சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா கோபமாக இருக்கிறாளா, உண்மையிலேயே சரி என்கிறாளா என்று அவளும் அங்கே குழம்பிக்கொண்டிருக்கலாம்.

எனவே வாய்விட்டுப் பேசுங்கள். "நான் ஊருக்கு வந்ததும் மாற்றிவிட்டாயே" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் அவள் காரணம் சொல்வாள், நீங்கள் அந்தக் காரணத்தை மறுப்பீர்கள், பேச்சு அதிலேயே முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அந்த மண்டபத்தைத் தேடி நாம் அலைந்த நாள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அது வீணாகிவிட்டதுபோல் தோன்றியதால் அன்றைக்குச் சரி என்று மட்டும் எழுதினேன். இப்போது புது மண்டபத்தைக் காட்டு, பார்க்கிறேன்." காட்டும்போது பழையதோடு ஒப்பிட வேண்டாம். பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள். பாதுகாப்பு, வயதானவர்களுக்கான வசதி போன்ற நிஜமான குறை கண்ணில் பட்டால் ஒரு தடவை சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

முன்பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுங்கள். திரும்பக் கிடைக்குமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. பெற்றோர் கொடுக்கும் கல்யாணப் பணத்தோடு சொல்லப்படாத நிபந்தனை ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. பாதி கொடுத்தோம், அதனால் பாதி முடிவு எங்களுடையது என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பது பிறகு கோபமாகத்தான் வெளிவரும். நீங்களும் கணவரும் உட்கார்ந்து, இனி எவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையை முடிவு செய்து மகளிடம் சொல்லிவிடுங்கள். அதை எதில் செலவழிப்பது என்பது அவர்கள் பாடு. அதற்கு மேல் முடியாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது.

வருத்தமா கோபமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இருக்கின்றன, களைப்பும் இருக்கிறது. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் வாழ்க்கையில் மனிதரை உலுக்கும் 43 நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணம் 100. திருமணம் 50. மகனோ மகளோ வீட்டைவிட்டுப் போவது 29. மகிழ்ச்சியான நிகழ்வுகளையும் அவர்கள் பட்டியலில் சேர்த்தது கவனிக்கத்தக்கது. நல்ல மாற்றமும் மாற்றம்தான், அதற்கும் உடம்பும் மனமும் பழக வேண்டும். மகள் வீட்டைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவள் மறுபடி உங்கள் பெண்ணாக மட்டும் பக்கத்தில் இருந்தாள். அது முடிந்துவிட்டதற்காக அழுவதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன்.

எப்போது நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேசும் நேரத்தை மாற்றி, காலை வெளிச்சத்தில் நடந்து, பத்து நாள் பாருங்கள். தூக்கம் திரும்பிய பிறகும் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தால், எதிலும் ஆர்வம் வராவிட்டால், பசி குறைந்தால், தன்மீதே வெறுப்பாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதேபோன்ற சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் பத்து நாள் காத்திருக்க வேண்டாம், உடனே கணவரிடம் சொல்லி உதவி தேடுங்கள்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஒரு மாதம் தனியாக இருந்திருக்கிறார். மகளுடைய கல்யாண ஏற்பாட்டை போனில் கேட்டதோடு சரி. "நீ இன்னும் அங்கேயேதான் இருக்கிறாய்" என்பதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஏக்கம் கேட்கிறது. ஒரு சாயங்காலம் போனில் இருக்கும் படங்களை அவருக்குக் காட்டி, அந்த மாதத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். உறவினர் பயண வேலைகளில் பாதியை அவரிடம் கொடுங்கள். அவரும் அப்பாதானே.

இன்னொரு திரும்புதலும் இருக்கிறது. கல்யாணம் முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும் நாளைச் சொல்கிறேன். அப்போது பட்டியல் இராது, பார்க்க வேண்டிய மண்டபம் இராது. இப்போதைவிட அது கடினமாக இருக்கலாம் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே யோசியுங்கள். எத்தனை நாள் முன்னால் வந்தால் வசதி என்று மகளிடம் கேளுங்கள். உடம்பு நேரத்துக்குப் பழக ஐந்தாறு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது. கல்யாணத்துக்கு மறுநாளே விமானம் ஏறாமல், நீங்களும் கணவரும் மட்டும் இரண்டு மூன்று நாள் வேறெங்காவது தங்கிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்த வாரத்தில் உங்களை யாராவது எதிர்பார்க்கும்படி ஒரு வேலையையோ, ஒரு சந்திப்பையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசுவது என்பதையும் இப்போதே மகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுக் குடித்தனத்தின் பரபரப்பில் அவள் கூப்பிட மறந்தால் நீங்களே கூப்பிடலாமா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.